களவெடுக்காத பறவை

இராஜேஸ்வரி அக்காவைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லபடியாகத்தான் கதைக்கிறார்கள். போன மாதம் திரிம்பாக் கோயிலில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர், "அவ அந்த நாளிலேயே துணிஞ்ச மனுசி" என்று பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாளில் இதே வாய்தான், "வேலை செய்யிற இடத்தில வாயைக் காட்டி எங்கட சனத்துக்கே கெட்ட பேர் எடுத்துத் தாறா" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தது. கலியாணம் என்பதால் விட்டேன். இல்லாவிட்டால் பாயசக் கிண்ணம் அவருடைய மடியில் கவிழ்ந்திருக்கும்.

ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். என் பெயர் மரியகொறற்றி, ஊர் மன்னார். 1992 இலிருந்து சுவிஸில், பாடனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குக் குசினியில் சமையல் வேலை. குசினிக்கு நேர் கீழே, நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறை. 1989 இலிருந்து அது இராஜேஸ்வரி அக்காவின் இராச்சியம். எண்பது கிழவன் கிழவிகளின் படுக்கை விரிப்பு, சட்டை, உள்ளுடுப்பு எல்லாம் அவருடைய கையால் தோய்ந்து, காய்ந்து, மடிந்து, செவ்வாயும் வெள்ளியும் அவரவர் அலுமாரிக்குப் போகும். கொண்டுபோய் அடுக்குவதும் அவர்தான். ஒரு காலுறைகூட ஆள் மாறிப் போனதில்லை.

அக்காவின் ஊர் நீர்வேலி. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. 1986 இல் கணவர் தயாநிதி அண்ணையோடு மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று சுற்றி வந்து சேர்ந்தவர். பிள்ளைகள் இல்லை. அதற்காக யாராவது இரங்கிக் கதைக்க வந்தால், "உங்கட பிள்ளையளின்ர சத்தமே எனக்குக் காணும்" என்று வாயை அடைத்துவிடுவார். முதல் வேலை ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில், பெட்டி அடுக்குவது. அங்கே பெயர் நீளம் என்று "ராயி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா திரும்பியே பார்க்கவில்லை. நாலு நாள் செவிடு மாதிரி நின்றார். ஐந்தாம் நாள் போர்மன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு "இ-ரா-ஜேஸ்-வ-ரி" என்றாராம். "ஓம், என்ன வேணும்?" என்று உடனே திரும்பினாராம். அப்படிப்பட்ட ஆள்.

எங்கள் இல்லத்தில் மியோங்ஜா என்று ஒரு கொரியத் தாதி இருந்தார். இளம் வயதில் ஜெர்மனிக்குத் தாதி வேலைக்கு வந்து, ஒரு சுவிஸ்காரரைக் கட்டி, பாடனில் குடியேறியவர். ஆள் சின்னன், நடை புயல். 1994 இலையுதிர்காலத்தில், புதன்கிழமைப் பின்னேரங்களில், முதியவர்களுக்குத் தன் நாட்டு மைப்படம் கீறப் பழக்கத் தொடங்கினார். கறுப்பு மை, ஒரு தூரிகை, மெல்லிய கடதாசி. வேறொன்றும் தேவையில்லை.

அக்காவுக்கு இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். தயாநிதி அண்ணை வந்து காரில் ஏற்ற நான்கு மணியாகும். இடையில் என்ன செய்வது? வகுப்புக் கதவடியில் நின்று பார்த்தார். மியோங்ஜா மைக்கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு வட்டமாக உரைத்துக்கொண்டிருந்தார். "இது எங்கட சந்தனம் அரைக்கிற வேலையெல்லோ!" என்று அக்கா உள்ளே போய், கேட்காமலே கல்லை வாங்கி அரைக்கத் தொடங்கிவிட்டார். பிறகு எந்தப் புதன்கிழமையும் அவர் வெளியே நின்றதில்லை. நானும் குசினி வேலை முடிந்தால் போய் ஒரு மூலையில் இருப்பேன். எனக்குப் படம் வராது, கதை கேட்கத்தான் போனேன். அவர்கள் இருவரும் கதைத்தது டொச்சில், உடைந்த ஜெர்மன் பாஷையில். அதை நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் பறவை அழகுக்காக மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. சோடிக் காட்டுவாத்து கலியாண வீட்டுக்கு, ஒன்றை விட்டு ஒன்று பிரியாது என்பதற்காக. வல்லூறு வாசலுக்கு, கெட்டது உள்ளே வராமலிருக்க. நாரை நீண்ட ஆயுளுக்கு. மியோங்ஜா இதைச் சொன்னதும் எண்பத்தொன்பது வயதுக் கிழவர் ஒருவர், "நாரை வேண்டாம் தாயே, இருந்தது போதும். எனக்கு வாத்தைக் காட்டு" என்றார். வகுப்பே சிரித்தது.

அக்காவைப் பிடித்துக்கொண்டது வேறொரு பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலோடு, இங்கே எந்த மரத்தைப் பார்த்தாலும் இருந்து சத்தம் போடுமே, அது. டொச்சில் எல்ஸ்டர் என்பார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாத பறவை என்பதால் எங்கள் ஆட்கள் "வெள்ளைக் காகம்" என்று சொல்லிச் சமாளிப்பார்கள். கொரியாவில் அது காலையில் வீட்டு மரத்தில் இருந்து கத்தினால் நல்ல சேதி வரும், விரும்பிய விருந்தாளி வருவார் என்று மியோங்ஜா சொன்னார்.

"அட, அது எங்கட காகத்தின்ர வேலை!" என்று அக்கா துள்ளினார். துள்ளிய கையோடு முதல் படத்தைக் கீறினார். தலை முதல் வால் வரை கறுப்பாக அப்பிவிட்டார்.

மியோங்ஜா குனிந்து பார்த்தார். "இது காகம்."

"ஓம், காகம்தான். சேதி சொல்லுறது அதுதானே?"

சேதி சொல்லும் பறவை கறுப்பாகத்தான் இருக்கும் என்று நாற்பத்திரண்டு வருடமாக நம்பிய மனுசிக்குக் கை வேறு எப்படிப் போகும்? மியோங்ஜா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளைக்கு மை கிடையாது. பறவையின் வயிற்றையும் தோளையும் தூரிகை தொடாமல் விட வேண்டும், விட்ட கடதாசிதான் வெள்ளை. ஒரு துளி தவறி விழுந்தால் விழுந்ததுதான். அந்தக் கடதாசி மையைக் குடித்துவிடும், அழிக்க வழியில்லை. அக்கா பழுதாக்கிய கடதாசி ஒரு உடுப்புக் கூடை வரும்.

இந்தப் பறவையைப் புலியோடு சேர்த்துக் கீறுவதும் அங்கே வழக்கமாம். புலி கீழே முழி பிதுங்கி இருக்கும். பறவை பைன் மரக் கொப்பில் இருந்து அதை ஏசிக்கொண்டிருக்கும். பெரிய மனிதர்களை வாய்விட்டு ஏச முடியாத சின்னச் சனங்கள் அந்தப் படத்தை வீட்டில் தொங்கவிட்டுச் சிரிப்பார்களாம். அக்கா உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "புலி வேண்டாம், மியோங்ஜா. எங்கட ஆக்களுக்கு விளக்கம் சொல்லி முடியாது. ஏசுற பறவையை மட்டும் காட்டும்."

இன்னொன்றும் சொன்னார். காக்கி என்று இங்கே கடைகளில் விற்கிறார்களே, தக்காளி மாதிரிப் பழம், அது கொரியாவில் வீட்டுக்கு வீடு காய்க்குமாம். பறிக்கும்போது உச்சிக் கொப்பில் நாலைந்தைப் பறிக்காமல் விடுவார்களாம். அது இந்தப் பறவைக்கு. நாங்கள் காகத்துக்குச் சோறு வைப்பதை அக்கா சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாரமே, காக்கிக் கொப்பில் வாலைத் தூக்கிக்கொண்டிருக்கும் ஒரு பறவையை அக்கா சரியாகக் கீறிவிட்டார். உடை மாற்றும் அறையில் தன் அலுமாரிக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டினார். அந்தப் பறவையின் திமிரைப் பார்க்க வேண்டும்!

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இல்லத்தில் அம்ஸ்லர் அம்மா என்று தொண்ணூற்றொரு வயது மூதாட்டி இருந்தார். நினைவு போய் வரும். 1995 தை மாதக் குளிரில் அக்கா இருமிக்கொண்டு உடுப்பு அடுக்கப் போனபோது, அந்த மனுசி தன் நீலக் கம்பளிச் சால்வையை இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். வேலைக்காரர் முதியவர்களிடம் சொக்லேட்டைத் தவிர எதுவும் வாங்கக் கூடாது என்பது சட்டம். அக்காவுக்கு அது தெரியும். ஆனால் வாங்கிக்கொண்டார், அதுவும் இரண்டு கையாலும். "ஒரு வயசுபோன மனுசி ஆசையா நீட்டேக்க தள்ளிவிடுறது எங்கட பழக்கமோ கொறற்றி?" என்று என்னிடம் கேட்டார். நானும் வாங்கியிருப்பேன். நீங்களும்தான்.

ஈஸ்டர் கழிந்த கிழமை அம்ஸ்லர் அம்மாவின் மோதிரத்தைக் காணவில்லை. சிவப்புக் கல் வைத்த பழைய மோதிரம். மகன் வந்து நின்று குதித்தார். அலுமாரியில் உடுப்பு அடுக்குவது யார்? இராஜேஸ்வரி. சால்வை எங்கே? இராஜேஸ்வரியின் கழுத்தில். தந்தது நினைவிருக்கிறதா என்று தாயைக் கேட்டார்கள். அந்த மனுசிக்கு அன்று தன் பெயரே நினைவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த மாதிரி எல்லாம் பொருந்திப் போயிற்று.

இல்லத்தின் வீட்டுப் பணிகளுக்குப் பொறுப்பானவர் ஸ்டுட்ஸ் என்ற பெண்மணி. அன்று பின்னேரம் எங்கள் மூன்று பேரை அழைத்தார்: அக்கா, நான், ஒரு போர்த்துக்கல்காரி. சுவிஸ் ஆட்கள் ஒருவரும் இல்லை. "உங்கள் கைப்பைகளைத் திறந்து காட்டுங்கள், ஒரு முறைமைக்குத்தான்" என்றார்.

நான் திறந்துவிட்டேன். மடு மாதாவே, அதை இன்றைக்கு நினைத்தாலும் என் முகம் சுடுகிறது. செபமாலை, லிப்ஸ்டிக், பாதி தின்ற பணிஸ், எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டு நின்றேன். போர்த்துக்கல்காரியும் திறந்தாள். அக்கா தன் பையைக் கமக்கட்டுக்குள் இறுக்கிக்கொண்டார்.

"எல்லாற்ற பையும் திறந்தால் என்ர பையும் திறக்கும். உங்கட பை எங்கை?"

ஸ்டுட்ஸுக்கு முகம் சிவந்தது. "நாளை காலை என் அலுவலகத்துக்கு வா" என்றார்.

அன்று மாலைக்குள் செய்தி எங்கள் ஆட்களிடம் பரவிவிட்டது. தயாநிதி அண்ணை பாவம், பயந்த மனிதர். இருவருக்கும் பி பெர்மிட்டுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, எழுதிப் போட்டு ஒரு வருடமாகிறது. களவுப் பேர் என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் எல்லாம் முடிந்தது. அவர் ஓடிப்போய் நித்தியானந்தனைப் பிடித்தார். நித்தியானந்தன் நல்ல டொச் கதைப்பவர், எங்கள் ஆட்களுக்குக் கடிதம் எழுதுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவர்தான். கெட்டவர் இல்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்துவிட்டால் அவருடைய முதுகு தானாக வளையும்.

மறுநாள் அலுவலகத்தில் ஸ்டுட்ஸ், நித்தியானந்தன், அக்கா. சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் குசினியிலிருந்து இழுத்துக்கொண்டு போனார். மேசையில் ஒரு கடதாசி இருந்தது. நித்தியானந்தன் வாசித்துச் சொன்னார். அக்கா தன் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறார், இல்லம் நல்ல சான்றிதழ் தரும், பொலிசுக்கு ஒன்றும் போகாது. கையெழுத்து வைத்தால் போதும்.

"அக்கா, வச்சிடுங்கோ," என்றார் நித்தியானந்தன், தாழ்ந்த குரலில். "வேறை வேலை எடுக்கலாம். பொலிஸ் எண்டு வந்தால் பெர்மிட் அலுவல் பழுதாப் போம். அண்ணையையும் யோசியுங்கோ."

"வச்சா என்ன அர்த்தம் தம்பி? எடுத்தது நான் எண்டுதானே?"

"அப்பிடி எழுதேல்லை அக்கா."

"எழுதாட்டில் ஏன் என்னை மட்டும் போகச் சொல்லீனம்?"

அப்போதுதான் ஸ்டுட்ஸ் பேனாவை அக்கா பக்கம் தள்ளிக்கொண்டு, பாதிச் சிரிப்போடு ஏதோ சொன்னார். அதில் எல்ஸ்டர் என்ற சொல் மட்டும் அக்காவுக்கு விளங்கியது. நித்தியானந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை அக்கா, விடுங்கோ."

"தம்பி, உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தது கதை பெயர்க்க. என்ன சொன்னவ எண்டு சொல்லும்."

"உங்கட அலுமாரியில ஒட்டியிருக்கிற பறவை பொருத்தமான பறவைதானாம். இஞ்ச அந்தப் பறவைக்குக் கள்ளி எண்டு பேர். மினுங்கிற சாமானைத் தூக்கிக்கொண்டு போயிடுமாம்."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு டொச்சில், தன் சொந்த டொச்சில், நித்தியானந்தனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கதைத்தார்.

"அந்தப் பறவைக்கு மரத்தில் பழம் விடுவார்கள். விட்ட பழத்தை அது தின்னும். அது களவு இல்லை. அம்ஸ்லர் அம்மா சால்வை தந்தார், வாங்கினேன். உங்கள் சட்டத்தில் அது பிழை என்றால் அந்தப் பிழைக்கு என்னை ஏசுங்கள். மோதிரத்தை நான் காணவில்லை. இந்தக் கடதாசியில் மை வைக்க மாட்டேன். வைத்தால் அழிக்க முடியாது. பொலிசைக் கூப்பிடுங்கள்."

நித்தியானந்தன் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார். "அக்கா, விசரே உங்களுக்கு!"

ஸ்டுட்ஸும் எதிர்பார்க்கவில்லை. அகதியாக வந்த மனுசி பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் நடுங்கிக் கையெழுத்து வைப்பாள் என்பதுதான் அவருடைய கணக்கு. "பொலிஸ் தேவையில்லை, நாங்கள் அமைதியாக..." என்று தொடங்கினார்.

அக்கா மேசையில் இருந்த ரெலிபோனைத் தன் பக்கம் திருப்பினார். "எனக்குத் தேவை" என்றார். ஒன்று, ஒன்று, ஏழு என்று தானே அழுத்தினார். "இங்கே ஒரு மோதிரம் காணவில்லை. நான் எடுத்தேன் என்கிறார்கள். வாருங்கள்" என்றார். பெயர் கேட்டார்கள் போல. தன் முழுப் பெயரையும் சொன்னார். ஆண்டவரே, என் நெஞ்சு அப்படி நிமிர்ந்தது இந்த நாட்டில் அன்றுதான் முதல் தடவை!

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்று வாயால் சொல்வது லேசு. செய்வது வேறு. இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். அக்கா தன் பையை அவர்கள் முன்னால் தானே திறந்து வைத்தார். "இனி எல்லாற்றையும்" என்றார். பொலிஸ்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டு சரி என்றார். அன்று ஸ்டுட்ஸின் கைப்பை திறந்தது, இல்லத்து இயக்குநரின் பை திறந்தது, எல்லா அலுமாரிகளும் திறந்தன. மோதிரம் எங்கும் இல்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. ஆதாரம் இல்லாததால் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை. ஆனால் மாடிக்கு உடுப்புக் கொண்டுபோகும் வேலையை அக்காவிடமிருந்து பறித்து வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அவர் நிலவறையிலேயே நிற்க வேண்டும். சாப்பாட்டு அறையில் அவர் வந்து இருந்தால் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பைகள் மெல்ல மடிக்கு ஏறும். எங்கள் ஆட்கள் இன்னும் மோசம். தயாநிதி அண்ணையை வழியில் கண்டால், "என்னவாம் பொலிஸ்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு நாள் கீழே போனபோது அக்கா சூடான படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. நான் போய்க் கட்டிப்பிடித்தேன்.

"எனக்கு வெக்கமா இருக்கு கொறற்றி," என்றார். "ஒண்டும் செய்யாமலே வெக்கமா இருக்கு. கோவம் இருக்கிறபடியாத்தான் நிக்கிறன். அது போனா விழுந்திடுவன்."

"அப்ப கோவத்தை விடாதேங்கோ அக்கா," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆனி மாதக் கடைசி ஞாயிறு இல்லத்தின் கோடை விழா. குடும்பங்கள் எல்லாம் வரும். புதன்கிழமை வகுப்பில் கீறிய படங்களைப் பெரிய மண்டபச் சுவரில் வைப்பதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு படம், கீழே கீறியவர் கையால் ஒரு சிறு அட்டை. ஸ்டுட்ஸ் மியோங்ஜாவைக் கூப்பிட்டு, இராஜேஸ்வரி நாரை கீறினால் நல்லது, எல்ஸ்டர் என்றால் சனம் கதைக்கும் என்றிருக்கிறார். மியோங்ஜா அதை அப்படியே வந்து எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்ததில் ஆகப் பெரிய கடதாசியை எடுத்து அக்காவின் முன்னால் விரித்தார்.

"நாங்கள் சின்னச் சனம்," என்றார். "எங்கள் பறவை பெரிதாக இருக்கட்டும்."

அக்கா நின்றபடி கீறினார். படுக்கை விரிப்பு உதறிய கை அது. வாலுக்கு ஒரே இழுப்பு. முதுகு, தலை, அலகு. வயிறும் தோளும் தொடாத கடதாசி. அலகு நன்றாகத் திறந்திருந்தது. கீழே புலி இல்லை. ஆனால் அந்தப் பறவை யாரையோ ஏசுகிறது என்று எவருக்கும் விளங்கும்.

விழா அன்று நான் கேக் மேசையில் நின்றேன். மண்டபம் நிறைந்து வழிந்தது. நாரைகளும் வாத்துகளும் பூக்களுமாக இருபது படங்கள், நடுவில் அக்காவின் பறவை. அதன் கீழ் அட்டையில் கொட்டை எழுத்தில் டொச்சில் எழுதியிருந்தது இதுதான்:

"எல்ஸ்டர். இவள் எதையும் எடுக்கவில்லை. இராஜேஸ்வரி தயாநிதி, உடுப்புத் தோய்க்கும் பகுதி."

ஸ்டுட்ஸ் மூச்சு வாங்க வந்தார். "அந்த அட்டையைக் கழற்றிவிடு, தயவுசெய்து. இது கொண்டாட்டம்."

"கழற்றுவதென்றால் நீங்கள் கழற்றுங்கள்," என்றார் அக்கா. "எல்லோரும் பார்க்கிறார்கள்."

ஸ்டுட்ஸ் சுற்றிப் பார்த்தார். உண்மையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார். வாத்துக் கேட்ட கிழவர் சத்தமாகக் கைதட்டினார். தட்டுங்கள் ஐயா, தட்டுங்கள் என்று நான் அவருக்கு ஒரு துண்டு கேக் கூடப் போட்டேன்.

மூன்று மணிபோல அம்ஸ்லர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மகன் வந்தார். படத்துக்கு முன்னால் நின்று அட்டையை வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு தாயை அங்கேயே விட்டுவிட்டு, கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவிடம் வந்தார்.

"அந்தப் படத்தை வாங்க விரும்புகிறேன்," என்றார். "என்ன விலை என்றாலும்."

"ஏன்?"

"நல்ல படம்."

"அதில் எழுதியிருப்பது பிடித்ததா?"

அவர் சப்பாத்தைப் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. "மோதிரம் கிடைத்துவிட்டது," என்றார், எனக்கே மட்டுமட்டாகக் கேட்கும் குரலில். "விரலில் தளர்வாக இருந்ததென்று ஈஸ்டருக்கு என் சகோதரி கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள், சின்னதாக்கிக் கொண்டுவர. மேசை லாச்சியில் போட்டுவிட்டு மறந்துவிட்டாள்."

"எப்போது தெரியும்?"

"மூன்று கிழமை."

மூன்று கிழமை! என் கையில் கேக் வெட்டும் கத்தி இருந்தது. யேசுவே, அதை நான் கீழே வைத்துவிட்டேன், வைத்தது நல்லது. மூன்று கிழமையாக இந்த மனிதர் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். மூன்று கிழமையாக இந்த மனுசி நிலவறையில் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"நான் உண்மையாகவே வருந்துகிறேன்," என்றார் அவர், இன்னும் தாழ்ந்த குரலில். "படத்துக்கு..."

"படம் விலைக்கு இல்லை," என்றார் அக்கா. "நீங்கள் வருந்துவது எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை." மண்டபத்தை ஒரு கையால் காட்டினார். "என்னைக் கள்ளி என்று சொன்னபோது நீங்கள் இவ்வளவு மெதுவாகச் சொல்லவில்லை."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா நகரவில்லை. நூறு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்லத் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிடம் கேளுங்கள்," என்றார். குரல் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. "என் தாயின் மோதிரம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. இராஜேஸ்வரி அம்மா எதையும் எடுக்கவில்லை. எனக்கு மூன்று கிழமையாகத் தெரியும், சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

சக்கர நாற்காலியில் இருந்த அம்ஸ்லர் அம்மா, "அந்தப் பெண்ணின் சால்வை எங்கே? அவளுக்குக் குளிருமே" என்று கேட்டார். அப்போதுதான் அக்கா அழுதார். எல்லோர் முன்னிலையிலும், முகத்தை மூடாமல், சத்தமாக அழுதார். நானும் அழுதேன். போர்த்துக்கல்காரி எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கள் காலை ஸ்டுட்ஸ் நிலவறைக்கு இறங்கி வந்தார். நான் அங்கே மேசைத் துணி எடுக்கப் போயிருந்தேன். இனி உடுப்பை அக்காவே மாடிக்குக் கொண்டுபோகலாம் என்றார். நடந்தது துரதிர்ஷ்டம் என்றார். பிறகு, "உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து மரியாதைச் சொல் வந்தது அன்றுதான்.

"ஓம்," என்றார் அக்கா, விரிப்பை மடித்தபடி. "படத்தைக் கொழுவ ஒரு ஆணி வேண்டும்."

"எங்கே?"

"உங்கள் அலுவலகக் கதவுக்கு நேர் எதிரே."

ஆணியை ஸ்டுட்ஸே அடித்தார். சரியாக உயரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அக்கா இரண்டு தரம் இன்னும் கொஞ்சம் மேலே என்றார்.